ஞாயிற்றுக்கிழமை அடைப்பு

“எத்தனை ஏக்கர்னு போடலியே” என்றார் பொறியாளர்.

பொதுப்பணித்துறை ஆய்வு மாளிகையின் கூடத்தில் குறைகேட்புக் கூட்டத்துக்கு வந்த நாற்பது விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. சேறு காய்ந்த கால்களின் வாசனையும், எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த நீர்மோரின் வாசனையும் கலந்து வந்தன. பொறியாளர் ஊருக்குப் புதியவர். விதி, விதி என்று உயிரை விடுகிறவர் என்று வந்த வாரமே பெயர் வாங்கியிருந்தார். அவர் கையில் இருந்தது நான் எழுதிய மனு.

அன்று வந்த எட்டு மனுக்களையும் எழுதியவள் நான்தான். ஏழு மனுக்கள் பிறருக்காக எழுதியவை. எட்டாவது என்னுடையது.

“கடைமடைக்கு வரத்து இல்லைன்னு இருக்கு. மனுதாரர் ரெண்டு பேரு. பட்டா நம்பர் இல்ல, ஏக்கர் இல்ல” என்று அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் சாவிக்கொத்தோடு நின்ற, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர், பெயரைப் பார்க்கலாம் என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

அந்த லஸ்கர் என் அப்பா. அவர் முகம் போன போக்கைச் சொல்வதற்கு முன், அந்த மனு அங்கே வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஷட்டரும் ஒரு டெலிபோனும்

அப்பாவின் பெயர் தேவசகாயம். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் இருந்த எட்டு ஷட்டர்களை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. மதகை ஒட்டியே எங்களுக்கு அரசாங்கக் குடியிருப்பு. தண்ணீர் நாலு விரற்கடை ஏறினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது “மூணாவது ஷட்டர் கொஞ்சம் கசியுது” என்று கையில் சோற்றோடு எழுந்து போவார். அம்மா சொல்லிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். பதின்மூன்று வருஷம் அப்படி நின்றது.

அம்மா ரோஸ்லினுக்கு மனிதர்கள் வேண்டும். எங்கள் பக்கத்து வீடு அரை மைல் தூரத்தில் இருந்தது. அதிலும் யாரும் குடியில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராக மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத்துகள் முளைத்தன. கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். எங்கள் வாய்க்கால் போய் முடிகிற கடைமடையான தரங்கம்பாடியில், கடைத்தெருவில் என் தாய்மாமா ஒரு பூத்து எடுத்து அம்மாவிடம் ஒப்படைத்தார். அம்மாவுக்குப் பிறவிப்பயன் கிடைத்துவிட்டது.

காலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பிறகு இரவு பஸ்ஸைத் தவறவிட ஆரம்பித்தாள். பிறகு பூத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தாள். இன்ன தேதியில் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்பா, அவள் டெலிபோனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார். அம்மா, அவர்தான் முதலிலேயே ஷட்டரைக் கட்டிக்கொண்டார் என்றாள். இரண்டும் உண்மை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்.

எங்கள் சபைப் போதகர் மூன்று முறை இருவரையும் தம் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஜெபம், காப்பி, மிக்ஸர் என்று எல்லாம் நடந்தது. இருவரும் மிக்ஸரைத் தொடவில்லை. நானும் தங்கை கிரேஸும்தான் தின்றோம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஏழு. இனி சேர மாட்டார்கள் என்று மூன்றாவது தடவை போதகருக்குத் தெரிந்துவிட்டது. சரி, பிள்ளைகள் யாரிடம் என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அது ஜெபமா களைப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ராவுத்தர் மாமா வைத்த முறை

அந்த நேரம் பார்த்து அப்பாவைத் தேடி உள்ளே வந்தவர் காஜா மைதீன் ராவுத்தர். அவர் விவசாயிகள் சங்கத் தலைவர். தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற எத்தனையோ வரப்புகளில் நடுவில் போய் நின்றவர். அவர் தீர்க்காத தண்ணீர்த் தகராறு அந்த வட்டாரத்தில் இல்லை. தண்ணீர்த் தகராறு அல்லாத வேறு எதையும் அவர் தீர்த்ததும் இல்லை.

விஷயத்தைக் கேட்டார். “இவ்வளவுதானா? முறை வச்சிட்டாப் போச்சு” என்று சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது எல்லா வாய்க்காலுக்கும் சேர்த்து விட முடியாது. இத்தனை நாள் இவனுக்கு, இத்தனை நாள் அவனுக்கு என்று முறை வைப்பார்கள். ஒருவன் முறை முடிந்து அடுத்தவன் முறை தொடங்குவதற்கு நடுவில் அரை நாள் அடைப்பு உண்டு. மேலே திறந்த தண்ணீர் கீழே போய்ச் சேர நேரம் வேண்டும் அல்லவா? அந்த அரை நாள் யாருடைய முறையும் இல்லை.

ராவுத்தர் மாமா எழுதினார். ஒரு வாரம் அப்பா, ஒரு வாரம் அம்மா. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒருவர் முறை முடியும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மற்றவர் முறை தொடங்கும். நடுவில் அடைப்பு.

அப்பா வீட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு டவுன் பஸ்ஸில் ஐம்பது நிமிடம். குறுக்கே ஆட்டு மந்தை வந்தால் ஒரு மணி நேரம். நாங்கள் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாது என்று யாருக்கும் தோன்றவில்லை. நோட்டில் எழுதியதை அவர் உரக்கப் படித்தார். அப்பா கையெழுத்துப் போட்டார், அம்மா கையெழுத்துப் போட்டாள், போதகர் ஆமென் சொன்னார்.

முதல் ஞாயிறு அப்பா சரியாக ஆறு மணிக்கு எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். ஏழு மணிக்கு நாங்கள் பூத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் நெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தலைபோகிற நாள். கோயிலுக்குக்கூட அவள் போவதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அம்மாள் தம்மாமில் இருக்கும் புருஷனோடு, டெலிபோன் இல்லாமலே கேட்கிற சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மாறி, “ஏன், ஒரு பகல் வச்சுக்க முடியலியாமா உங்கப்பாவால?” என்றாள்.

அடுத்த ஞாயிறு தலைகீழ்ப் பயணம். அப்பா கேட்டார்: “ஏன், மத்தியானச் சோறு போட முடியலியாமா உங்கம்மாவால?”

இரண்டு பேரும் எங்களைத் திட்டவில்லை. இரண்டு பேரும் சோறு போட்டார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் கிரேஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை. அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் இருவரிடமும் போவதில்லை. அப்பாவிடம், அம்மா எங்களைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டாள் என்றேன். அம்மாவிடம், அப்பா சாயங்காலம்தான் அனுப்புவாராம் என்றேன். மறுவாரம் அதையே இருவரிடமும் திருப்பிப் போட்டுச் சொன்னேன். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லையாதலால் என் பொய் மூன்று மாதம் எந்தச் சிரமமும் இல்லாமல் வாழ்ந்தது.

இன்று நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. பிள்ளைகள் பொய் சொன்னால் உடனே பிரம்பைத் தேட மாட்டேன். யாரைக் காப்பாற்ற இந்தப் பொய் என்று முதலில் பார்ப்பேன். பல நேரம் வீட்டில் பெரியவர்கள் யாராவது அகப்படுவார்கள்.

பெண் வீடா, மாப்பிள்ளை வீடா

ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் எங்கே போவது? முதலில் கடற்கரைக்குப் போனோம். கோட்டைச் சுவரின் நிழல் பத்து மணி வரைக்கும்தான் தாங்கியது. வலை உலர்த்துகிறவர்கள், யார் பிள்ளைகள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பசி வேறு.

அப்போதுதான் கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடித்தோம். வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்தாள், சந்தனம் கொடுத்தாள், கற்கண்டு கொடுத்தாள். நாங்களோ கோயிலுக்குப் போடும் கவுன் போட்டிருந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார்கள். இந்த ஏற்பாடு எங்களுக்குப் பழகிய ஏற்பாடுதான்.

முதல் பந்தியில் உட்கார மாட்டோம், அது மரியாதை இல்லை. இரண்டாவது பந்தி. கொஞ்ச நாளில் கிரேஸ் தேறிவிட்டாள். கேசரியில் முந்திரி போதவில்லை என்று பரிமாறுகிறவரிடமே சொல்லுவாள். ஆடி மாதம் கல்யாணம் இல்லாமல் கொஞ்சம் கஷ்டப்பட்டோம். அப்போது முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. பெரிய தாம்பாளத்தில் பிரியாணியை வைத்துச் சுற்றி நாலு பேர் சாப்பிடும்போது, கிரேஸுக்கு மூன்று மாமிகள் போட்டி போட்டுக்கொண்டு எலும்பில்லாத துண்டாக எடுத்து வைத்தார்கள். அந்த ஞாயிறுகளில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டதாக எனக்குப் பெருமை.

ஆவணியில் ஒரு கல்யாணம். வீடியோக்காரர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கோடு வந்திருந்தார். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெரியம்மா சின்னப் பிள்ளைகளை எல்லாம் மேடைக்கு முன்னால் கூட்டி, போட்டோவுக்காக, பெண் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று பிரித்தார். எல்லாப் பிள்ளைகளும் ஓடி நின்றன. நான் தூண் ஓரம் ஒதுங்கிவிட்டேன். கிரேஸ் மட்டும் நடுவில் நின்றாள். விளக்கு அவள் முகத்தில் அடித்தது.

“நீ எந்த வீடும்மா?” என்று அந்த அம்மாள் அன்பாகத்தான் கேட்டார்.

வகுப்பில் டீச்சருக்குப் பதில் சொல்வது போல் கையைக் கட்டிக்கொண்டு கிரேஸ் சொன்னாள்: “இன்னைக்கு எந்த வீடும் இல்ல. ஆறு மணிக்கு மேலதான் அம்மா வீடு.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் அவள் மோவாய் நடுங்குவதைப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். தெருமுனை வரை நிற்காமல் ஓடினோம். அப்புறம் கேட்டாள்: “அக்கா, ஆறு மணிக்கு முன்னாடி நான் காணாமப் போயிட்டா யாரு தேடுவாங்க?”

நான் தேடுவேன் என்றேன். நீயும் சேர்ந்து காணாமல் போனால் என்று கேட்டாள்.  மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அவளோ அந்தப் பயத்தோடுதான் மூன்று மாதமும் கேசரி சாப்பிட்டிருக்கிறாள்.

எட்டாவது மனு

அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் முறை கலைந்துவிடும். கலைந்தால் ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துவிடுவார்களோ என்று எனக்குள் ஒரு நடுக்கம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன்.

என் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும். கடைமடை விவசாயிகள் எல்லோரும் என்னிடம்தான் மனு எழுதிக்கொள்வார்கள். காலாண்டு விடுமுறையில் குறைகேட்புக் கூட்டம் வந்தது. ராவுத்தர் மாமாவுக்காக ஏழு மனு எழுதிய கையோடு எட்டாவதையும் எழுதிக் கட்டுக்குள் செருகினேன். அதன் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

“பொருள்: கடைமடைக்கு வரத்து இல்லாமை குறித்து.

ஐயா, நாங்கள் இருவரும் மேற்படி வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் வாரம் மாறி வசித்து வருகிறோம். முறை வைத்ததில் ஞாயிறு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அடைப்பு விடப்பட்டுள்ளது. அந்நேரத்தில் எங்களுக்கு மேலிருந்தும் வரத்து இல்லை, கீழிருந்தும் வரத்து இல்லை. இதனால் மனுதாரர் எண் இரண்டு மிகவும் வாடிய நிலையில் உள்ளார். ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து தல ஆய்வு செய்து, அடைப்பை நீக்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தே. மெர்சி, தே. கிரேஸ்.”

பச்சை மை

இப்போது அந்தக் கூடத்துக்குத் திரும்பலாம்.

ஏக்கர் போடவில்லை என்று குறைப்பட்ட பொறியாளர், சரி, விஷயத்தைப் பார்ப்போம் என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மனுவின் நடை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் பாதி வரை அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பின்வரிசையில் ஒரு விவசாயி பழக்கதோஷத்தில், “நியாயமான கோரிக்கைங்க” என்று குரல் கொடுத்தார். “மனுதாரர் எண் இரண்டு” வந்த இடத்தில் பொறியாளர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீதியை மனதுக்குள் படித்தார்.

யார் இந்த மெர்சி என்று கேட்டார். எழுந்து நின்றேன். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் காட்டினேன். நாற்பது தலைகள் திரும்பின. அப்பாவின் சாவிக்கொத்து மட்டும் சத்தம் போட்டது. 

ராவுத்தர் மாமா நோட்டை எடுத்துப் பக்கம் தேடினார். கண்டுபிடித்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். “என் தப்புதாங்க சார். தண்ணிக்கு விடுற அடைப்பைப் பழக்கத்துல பிள்ளைங்களுக்கும் விட்டுட்டேன்” என்றார். அவ்வளவு பெரிய மனிதர் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது எனக்கு என்னவோ செய்தது.

யாராவது சிரித்திருந்தால் அப்பா உடைந்துபோயிருப்பார். பொறியாளர் சிரிக்கவில்லை. விதிமேல் அவருக்கு இருந்த பிடிப்பு அப்பாவைக் காப்பாற்றியது, எங்களையும் காப்பாற்றியது. “மனுன்னு வந்துட்டா மனுதான்” என்று பச்சை மைப் பேனாவைத் திறந்தார். கடைமடையில் குறை என்றால் அந்தப் பகுதி லஸ்கர் நேரில் போய்ப் பார்த்து ஏழு நாளில் அறிக்கை தர வேண்டும். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுத் தாளை முதுகுக்குப் பின்னால் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்தார்.

தல ஆய்வு

அடுத்த ஞாயிறு காலை அப்பா காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். நாங்கள் ஏறிய பஸ்ஸில் அவரும் ஏறினார். எங்களோடு உட்காராமல் டிரைவருக்குப் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அரசாங்கக் காரியமாகப் போகிறாராம். அம்மா போன பிறகு தரங்கம்பாடிப் பக்கம் அவர் காலே வைத்ததில்லை.

பூத்தில் வழக்கமான கூட்டம். அம்மா அவரைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அப்பா மேஜை மேல் தாளை வைத்தார். அம்மா படித்தாள். கூண்டுக்குள் யாரோ மஸ்கட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“மூணு மாசமா ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க உங்ககிட்ட இருக்குன்னுல்ல நெனச்சேன்” என்றாள் அம்மா.

“நான் உன்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்” என்றார் அப்பா.

பதின்மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே மாதிரி நினைத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த வெளிநாட்டு டெலிபோன் குறியீட்டு எண்களை மேலிருந்து கீழாகப் படித்தார், கீழிருந்து மேலாகவும் படித்தார். எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று அம்மா கேட்டாள். கிரேஸ் ஒவ்வொரு மண்டபமாக, ஒவ்வொரு பதார்த்தமாகச் சொன்னாள். டெலிபோனுக்குக் காத்திருந்த பெண்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

அப்பா என்னிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது, அவருடைய அறிக்கைகள் எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். என் மனுவுக்கு நானே அறிக்கை எழுதினேன்.

“தல ஆய்வில் மனுதாரர்களின் குறை உண்மை எனத் தெரியவருகிறது” என்று அப்பா ஆரம்பித்தார். அடுத்த வரி அவருக்கு வரவில்லை. அம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அப்பா அதில் ஒரு சொல்லைத் திருத்தினார். அம்மா அந்தத் திருத்தத்தைத் திருத்தினாள். கடைசியில் நின்ற வரி இது: “முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த நாளும் எந்த நேரமும் மனுதாரர்கள் இருவரும் எங்கள் இருவர் பிள்ளைகள், காணாவிட்டால் இருவரும் தேடுவோம்.”

பின்பாதியைச் சொன்னது அப்பா. கிரேஸ் கேட்டதை அதற்குள் அவரிடம் நான் சொல்லியிருந்தேன்.

அவர்கள் மறுபடி சேரவில்லை. பின்னால் கோர்ட்டுக்குப் போய் முறைப்படி பிரிந்தார்கள். அந்தத் தாளை மட்டும் இருவரும் மீறவில்லை.

விதிப்படி மனுதாரர்களும் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டேன். கிரேஸ் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து, இன்று மத்தியானச் சோறு யார் என்று கேட்டாள்.

“நான்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

கிரேஸ் கையெழுத்துப் போட்டாள். அன்று நாங்கள் இரண்டு தடவை மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். இரண்டு தட்டிலும் அவள் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.